பிள்ளைகளின் பசியும் விளையாட்டும்

(ரெட்டியார்பாளையம் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

ஆண்டுக்கூட்டத்தில் சந்தாவையும் பள்ளிவாசல் பழுதுச் செலவையும் காசு விடாமல் பார்க்கிறோம். ஆனால் அல்லாஹ் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த பிள்ளைகளின் உடல் நலம் என்னும் கணக்கை நாம் எடுத்துப் பார்ப்பதில்லை. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

ஓதிப் பார்ப்பதற்காகப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் நம்மிடம் இருவகையாக முறையிடுகின்றனர். ஒரு தாய், 'பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறான், ஹஜ்ரத். ஓதித் தண்ணீர் கொடுங்கள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடியாடினால் இன்னும் இளைத்துவிடுவான் என்று வெளியே விடுவதில்லை' என்கிறார். மற்றொரு தாயோ, 'இவன் பெருத்துக்கொண்டே போகிறான். விளையாடிவிட்டு வந்தால் பசி அதிகமாகி இன்னும் இரண்டு பரோட்டா கேட்பான். அதனால் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறோம்' என்கிறார். முறையீடுகள் எதிரெதிரானவை. முடிவு மட்டும் ஒன்று: இரு பிள்ளைகளும் வீட்டுக்குள்ளே, கையில் செல்போனுடன் அமர்ந்திருக்கின்றனர்.

இந்த அச்சம் சரியானதா? நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பயன்படும். பாரிஸில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜீன் மேயர் என்னும் சத்துணவு அறிஞர், வங்காள அறிஞர்களுடன் சேர்ந்து மேற்கு வங்கத்துச் சணல் ஆலையொன்றில் 213 ஆண்களின் உழைப்பையும் உணவையும் எடையையும் ஆராய்ந்து 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓரளவு உழைப்போர் முதல் கடுமையாக மூட்டை சுமப்போர் வரை, உழைப்புக்கு ஏற்பவே உணவும் கூடியது, எடை கூடவில்லை. ஆனால் நாள் முழுதும் அமர்ந்தே இருந்தவர்கள் குறைவாக உண்ணவில்லை. நன்கு உழைத்தவர்களுக்கு ஈடாகவோ கூடுதலாகவோ உண்டு, எடை மிகுந்தும் இருந்தனர். வருமானம் போன்ற வேறு காரணங்களும் அதில் கலந்திருக்கலாம் என்பது உண்மையே. எனினும் பின்வந்த ஆய்வுகள் பலவும் அதே திசையைக் காட்டுகின்றன. அசையும் உடலுக்குத் தன் தேவை தெரிகிறது. அசையாத உடல் அந்த அளவுகோலை இழந்துவிடுகிறது.

'அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு இது பொருந்துமா?' என்று கேட்கலாம். பிரான்சு நாட்டில் உடல் பருத்த வளரிளம் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2012-இல் வெளியிட்டனர். கடுமையான உடற்பயிற்சி செய்த நாளில் அவர்கள் கூடுதலாக உண்ணவில்லை; சும்மா இருந்த நாளைவிடக் குறைவாகவே உண்டனர். பசி வாட்டியதாகவும் கூறவில்லை. மெலிந்த பிள்ளைகளிடம் இத்தகைய குறைவு பொதுவாகக் காணப்படுவதில்லை. அவர்கள் வழக்கம்போல் உண்கின்றனர். ஆகவே பருத்த பிள்ளைக்கு விளையாட்டு பெருந்தீனி ஆகாது. மெலிந்த பிள்ளையின் உணவையும் அது பறிக்காது.

இதன் காரணத்தையும் அறிஞர்கள் விளக்குகின்றனர். இரைப்பையில் 'கிரெலின்' என்றொரு சுரப்பு உண்டு. 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த இச்சுரப்பே மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. வேகமாக ஓடியாடும்போது இதன் வீரியம் சிறிது நேரம் தணிகிறது. குடலிலிருந்து 'போதும்' என்று சொல்லும் சுரப்புகள் கூடுகின்றன. ஓடி வந்த பிள்ளை உடனே சோற்றைக் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலை என்ன? டென்மார்க்கில் 22 இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடிய பின், சும்மா அமர்ந்திருந்த பின் உண்டதைவிடச் சுமார் 80 கலோரி கூடுதலாக உண்டனர். ஆனால் தங்களுக்குப் பசி கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. பசியின்றியே கை வாய்க்குப் போகிறது! செல்போனைக் காட்டிச் சோறூட்டும் தாய்மார்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இதை ஏன் பள்ளிவாசலில் பேசுகிறோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. பெரியவர்களில் நீரிழிவு உடையோர் நாடு முழுவதும் 11.4 விழுக்காடு, நம் புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. நான்கில் ஒருவருக்கு மேல்! இந்த ஸஃப்புகளில் நாற்காலி போட்டுத் தொழுவோர் பெருகி வருவதை நாமே பார்க்கிறோம். நோய் நாற்பதில் வெளிப்படலாம். அதற்கான பழக்கமோ பத்து வயதிலேயே வேரூன்றுகிறது.

உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறக் கூடாதென்று திருமறை தடுக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அபிசீனியர் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாடியதை அனுமதித்திருக்கிறார்கள். அளவான உணவையும் விளையாட்டையும் சேர்த்தே போற்றிய மார்க்கம் நம்முடையது.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவது நான்கு மணிக்கு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மக்தபை வைத்தவர்கள் நாம். மஃரிபுக்குப் பின் டியூஷன். ஆக, வெயில் தாழ்ந்து விளையாட உகந்த ஒரே நேரத்தை, குர்ஆனின் பெயரால் நாமே எடுத்துக்கொண்டோம். அந்நேரத்தில் தூங்கி விழும் பிள்ளையைப் பிரம்பைக் காட்டி எழுப்பியும் இருக்கிறோம். அல்லாஹ் மன்னிப்பானாக!

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது. அதற்காக இக்கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது: வாரத்தில் நான்கு நாள்களேனும் அஸர் முதல் மஃரிப் வரை பிள்ளைகளை விளையாட விட வேண்டும். மக்தபை மற்ற மூன்று நாள் மாலையிலும், சனி, ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின்னும் நடத்தலாம். ஓதும் நேரம் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டாவது: கல்யாண நாள்களில் கார் நிறுத்தும் நம் காலி மனையை, மற்ற நாள்களில் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். பெண் பிள்ளைகளை மறந்துவிடலாகாது. மதரஸா முற்றத்தில் ஆலிமாவின் கண்காணிப்பில் அவர்களும் ஓடியாட வழி செய்ய வேண்டும்.

மூன்றாவது, பெற்றோருக்கு: விளையாடி வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள், சற்று ஆறிய பின் வீட்டுச் சாப்பாட்டைக் கொடுங்கள். 'பாவம், களைத்துவிட்டான்' என்று குளிர்பானமும் பஜ்ஜியும் வாங்கித் தராதீர்கள். 250 மில்லி கோலா பானத்தில் ஐந்து தேக்கரண்டிக்கும் மேலான சர்க்கரை இருக்கிறது. ஆடியதன் பயனை அதுவே அழித்துவிடும். சாப்பிடாத பிள்ளையை மிரட்டி ஊட்டாதீர்கள். இடையில் தின்னும் பிஸ்கட்டையும் மிக்சரையும் நிறுத்தி, மாலையில் ஓடவிட்டு, சில வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு வேளைத் தட்டைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். எடை தொடர்ந்து குறைந்தாலோ, பிள்ளை எப்போதும் சோர்ந்திருந்தாலோ, குடற்புழுவும் இரத்தசோகையும் உண்டா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். ஓதித் தர நாம் என்றும் தயார். ஆனால் துஆவுடன் மருந்தும் முயற்சியும் சேர்வதே சுன்னத்தான வழி.

ஜமாஅத்தார்களே! பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளைகளின் ஓசை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நாளை இந்த ஸஃப்புகளில் நிமிர்ந்து நின்று தொழப்போகிறவர்கள் அவர்களே.

வல்ல அல்லாஹ் நம் சந்ததியினருக்கு அளவான உணவையும் ஆரோக்கியமான உடலையும் ஈமானில் உறுதியான உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.