எல்.பி.ஜி. வண்டியின் செலவுக் கணக்கு

குடமுருட்டி காவிரியிலிருந்து பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், பங்கில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்து எல்.பி.ஜி.க்கு மாறினால் கணக்கு தவறும். ஏனெனில், அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட இவ்வாயுவின் ஒரு லிட்டரில், பெட்ரோலின் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கே உண்டு என்பதால் மைலேஜும் குறையும். நிரப்பும் நிலையம் தொலைவிலிருந்தால், சவாரியின்றிப் போய்வரும் ஓட்டமும் செலவுதான்.

திரவத்தை வாயுவாக்கும் ஆவியாக்கியின் ரப்பர்ச் சவ்வு நாளடைவில் விறைத்து, அதனுள் எண்ணெய்க் கசடும் படியும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி ஏர் ஃபில்டரை அடைத்துக்கொண்டால், காற்று போதாமல் எரிபொருள் வீணாகும். தண்ணீர் நிரப்பி, அழுத்தமேற்றித் தொட்டியின் உறுதியைப் பார்க்கும் நீரழுத்தச் சோதனையை 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடுவோரே அதிகம் என்றால் வியப்பில்லை. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரிலிருந்து வண்டிக்கு வாயு ஏற்றுவதோ சட்டப்படி குற்றம். காற்றைவிடக் கனமான அவ்வாயு கசிந்தால் கலைந்துபோகாமல் தரையோடு தேங்கும். வாசனை தட்டினால் தீக்குச்சியைத் தொடாமல், இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம்; குமிழி கிளம்பும் இடமே கசிவின் இடம்.