கூட்டணிகளுக்கு இடையே ஒரு பழைய நட்பு

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நாடுகள் பல ஒன்றுகூடிப் படை சேர்க்குங்கால், இரு நாடுகளுக்கிடையே நெடுநாள் நிலவிய நட்பு என்னாகிறது? இவ்வினாவுக்குச் சங்கப் பாடல்கள் வழியே விடை காண முயல்வதே என் உரையின் நோக்கம். நாம் கூடியிருக்கும் நொய்யல் நாட்டுக்கு இது அயலான செய்தி அன்று. இவ்வாற்றங்கரைக் கொடுமணலைப் பதிற்றுப்பத்து 'கொடுமணம்' எனப் போற்றுகிறது. அந்நூலின் எட்டாம் பத்துக்குத் தலைவனான தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையே நாம் பேசப்போகும் போரிலும் முதன்மையானவன்.

தமிழ் வேந்தர் ஒன்றுகூடியமைக்குத் தமிழகத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. கலிங்க மன்னன் காரவேலனின் அத்திகும்பாக் கல்வெட்டு, தமிழ் நாடுகளின் கூட்டணியொன்றை அவன் உடைத்ததாகக் கூறுகிறது. அக்கூட்டணி 113 ஆண்டு நிலைத்தது என்பர் ஒரு சாரார். 1300 எனப் படிப்போரும் உளர்.

இனி, சோழரும் மலையமான்களும் கொண்டிருந்த உறவைக் காண்போம். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையோடு சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி பொருதபோது, சோழனுக்குத் துணை நின்றவன் தேர்வண் மலையன் என்பது புறநானூற்று 125ஆம் பாட்டால் விளங்கும். எனினும் மலையமான் திருமுடிக்காரியின் காலத்தில் நிலைமை சிக்கலாயிற்று. மூவேந்தருள் ஒவ்வொருவரும் அவனைத் தம் பக்கம் அழைத்துப் பொருள் விடுத்தனர் என்கிறார் கபிலர். அதியமான் நெடுமான் அஞ்சி அவனது கோவலூரை அழித்தான். காரியோ, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்கு ஈந்தான். அதே கொல்லிக் கூற்றத்தில் பெருஞ்சேரல் இரும்பொறை, அதியமானையும் அவனோடு சேர்ந்த இருபெரு வேந்தரையும் ஒருங்கே வென்றான் என எட்டாம் பத்தின் பதிகம் கூறுகிறது. அவ்விருவர் சோழரும் பாண்டியரும் ஆவர்.

அன்பர்களே, இங்குக் கூர்ந்து நோக்குங்கள். காரிக்கும் சோழனுக்கும் நேர்ப்பகை இருந்ததாக இப்பாடல்கள் கூறவில்லை. காரி சேரனோடு சேர்ந்தான். சோழன் அதியமானோடு சேர்ந்தான். இருவரும் பிறர்பொருட்டு எதிரெதிர் அணியில் நின்றனர். சேரர் தலைநகராம் வஞ்சியை அழித்த சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமானின் இளஞ்சிறுவரை யானைக்கு இட முற்பட்ட கொடுமைக்கு வேர் இவ்வணிப் பிரிவே என்பது என் துணிபு.

அச்சிறுவரைக் காக்க எழுந்தவர் ஒரு புலவர். கோவூர்கிழார் உடன்படிக்கையைப் பேசினாரில்லை, படைவலிமையையும் பேசினாரில்லை. புறாவின் துயர் துடைத்தவன் மரபு உன் மரபு. புலவரோடு பகுத்துண்டவர் மரபு இவர்கள் மரபு என்று இரு குடிகளின் பழம்பெருமையை மட்டுமே நினைவூட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகை மறந்து, புதிய அவையைக் கண்டு மருளும் குழந்தைகளைச் சுட்டிக்காட்டி, முடிவை மன்னனிடமே விட்டார்.

அதன் பயன் என்ன? கபிலர் பாடிய முள்ளூர் மலையில், நாடிழந்த சோழன் ஒருவன் ஒளிந்திருந்த காலத்து, அவன் வெண்கொற்றக் குடையை மீண்டும் நிறுத்தியவன் மலையமான் திருக்கண்ணன். 'சோழிய ஏனாதி' என்பது அவனுக்குரிய பட்டம். இதனைப் பாடியவர் மாறோக்கத்து நப்பசலையார் என்னும் பெண்பாற் புலவர். அவரே காரியையும் பாடினார். வஞ்சியை அழித்த கிள்ளிவளவனையும் பாடினார். அவன் இறந்தபோது கையறுநிலையும் பாடினார். அணிகள் பிரித்த இரு குடிகளையும் ஒரு புலவர் நா ஒன்றாகவே தாங்கியது.

இக்கால உலகிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இங்கிலாந்தும் போர்த்துக்கல்லும் 1373ஆம் ஆண்டு முதல் நட்பு நாடுகள். 1943இல் அசோர்ஸ் தீவுகளில் பிரிட்டனுக்குத் தளவசதி அளிக்க அப்பழைய உடன்படிக்கை பயன்பட்டது. 1949இல் இரண்டும் நேட்டோவைத் தொடங்கிய நாடுகளாயின. ஆயினும் 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவில் நுழைந்தபோது பிரிட்டன் படையனுப்பவில்லை. இந்தியா காமன்வெல்த் உறுப்பு நாடு. நேட்டோவின் காப்பு எல்லைக்குள்ளும் கோவா இல்லை. கோவாவின் விடுதலை நமக்கு மகிழ்ச்சியே. எனினும், ஒரு நாடு பல கூட்டுகளில் சேருந்தோறும் பழைய நட்பின் பொருள் சுருங்கிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

நம் ஊர்ப் பின்னலாடைகள் கடல் கடந்து செல்கின்றன; நாடுகளின் உறவு முறிந்தால் எந்திரங்களின் ஓசையும் இங்கே குன்றும். ஆகவே இது அரசியலார்க்கு மட்டுமே உரிய பொருள் அன்று. எவர் எவரோடு சேர்வது என்பதை வேந்தர் முடிவு செய்வர். யானைக்காலடியில் நிற்பவை யார் குழந்தைகள் என்று உரைப்பது கவிஞர் கடன். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் அணிகளின் முரசாகாமல், கோவூர்கிழாரின் நாவாகவும் நப்பசலையாரின் நினைவாகவும் விளங்க வேண்டும் என வேண்டி அமைகிறேன்.