திறந்து பார்த்தால் தெரியும்



எர்ணாவூரிலிருந்து தெற்கே போனால் திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு ஆலை. வடக்கே போனால் எண்ணூரில் அசோக் லேலண்ட். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த நிறுவனம் அது. 1955-ல் இப்போதைய பெயர் வந்தது. என்ஃபீல்டு இந்தியா பிறந்ததும் அதே 1955-ல்தான். பெரிய ஆலைகள் இருக்கும் இடத்தில் சின்னப் பட்டறைகள் தானாக முளைக்கும். லேத் பட்டறை, போரிங் பட்டறை, வெல்டிங் கடை, கொஞ்சம் தள்ளிக் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சினை இறக்கி ஏற்றும் மெக்கானிக்குகள் என்று இந்தக் கடலோரம் முழுக்க இரும்பைப் படித்த கைகள். வீட்டுக் கொட்டகையில் ரேஸ் எஞ்சின் கட்டப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால், வேறு ஊரில் அவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே, “ஹெட்டை எந்தப் பட்டறையில குடுக்கப் போறே?” என்று கேட்பார்கள்.

அந்த வேலையைத்தான் இன்று மதிப்பிட வந்திருக்கிறேன். டர்போ பூட்டிய பந்தய எஞ்சினை வீட்டில் கட்டுவதில் எது நல்ல வேலை, எது வெறும் ஆர்ப்பாட்டம், எதை வைத்து அதைத் தரம் பிரிப்பது? இதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். ஆகவே ஒரு கலைக்கு உரிய கண்டிப்போடுதான் பேசுவேன்.

இதற்கு நம் பக்கத்தில் ஒரு பரம்பரை உண்டு. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் திறக்கும்வரை சென்னையின் வேகம் என்றால் சோழவரம்தான். வெளிநாட்டு உதிரிபாகம் வரவழைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. ஃபியட், ஹெரால்டு, புல்லட் என்று தெருவில் ஓடிய வண்டிகளின் எஞ்சினையே பிரித்து, கேமைத் தேய்த்து, போர்ட்டைப் பெரிதாக்கி, ஹெட்டைச் சீவி வேகம் எடுத்தார்கள். கேட்டது கிடைக்காததால் கிடைத்ததை ஆழமாகப் புரிந்துகொண்டார்கள்.

அந்தத் தலைமுறையில் நான் எல்லோருக்கும் மேலாக வைப்பது கோயம்புத்தூர் கரிவரதனை. மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி 1988-ல் வந்தது. மூன்றே சிலிண்டர் கொண்ட சாதுவான குடும்பக் கார் எஞ்சின் அது. அவருடைய பெருமை வேகமான கார் செய்ததில் மட்டும் இல்லை. இன்னொருவர் வாங்கி, இன்னொருவர் பழுது பார்த்து, இன்னொருவர் ஓட்டக்கூடிய காராக அதைச் செய்தாரே, அங்கேதான் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் பழகி, 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரோடு நிற்கிறது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். உதாரணத்துக்கு மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். சிலிண்டர் துளை 74 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 75.5. நம் ஊர்ப் பந்தயங்களில் நீண்ட காலம் உழைத்த எஞ்சின் இது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடினால் பழைய பிளாக் கிடைக்கும். பழசு என்பதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற காரில் இருந்த பி.எம்.டபிள்யூ டர்போ எஞ்சினின் பிளாக், அந்த நிறுவனத்தின் சாதாரண சாலைக் காரில் இருந்த வார்ப்பிரும்பு பிளாக்தான். நன்றாக ஓடிப் பழகிய பிளாக்குகளையே அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். வார்ப்பு புதிதாக இருக்கும்போது உள்ளே இழுபறிகள் இருக்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி அவை தணிந்த பிறகு பிளாக் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளாது.

பிளாக்கைப் போரிங் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். முதல் தரப் பரீட்சை இங்கேதான். ஹெட்டை வைத்து போல்ட்டை முழு டார்க்குக்கு இறுக்கும்போது சிலிண்டர் துளை லேசாக நெளிகிறது. நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிஸ்டன் ரிங்குக்குத் தெரியும். அதனால் நல்ல மேஸ்திரி, ஹெட் இருக்கும் இடத்தில் ஒரு கனத்த இரும்புத் தட்டை வைத்து, அதே டார்க்கில் இறுக்கிவிட்டு, அந்த நெளிந்த நிலையில் துளையைத் தேய்த்து ஹோனிங் செய்வார். தட்டைக் கழற்றியதும் துளை கொஞ்சம் கோணலாகத் தெரியும். ஹெட்டைப் பூட்டியதும் வட்டமாகிவிடும். இறுதியில் எந்த நிலையில் வேலை செய்யப் போகிறதோ, அந்த நிலையை முன்கூட்டியே நினைத்துச் செய்யும் வேலை. இதை ஒரு பட்டறையில் பார்த்துவிட்டால், அங்கே எஞ்சினைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

அடுத்து ரிங். சாலைக் காரில் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே 0.25, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். டர்போ ரேஸ் எஞ்சினுக்கு இந்த 74 மில்லிமீட்டர் துளையில் 0.45 அளவுக்கு விட வேண்டும். ஏன்? டர்போ கொண்டுவரும் வெப்பத்தில் ரிங் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் முனைகள் முட்டிக்கொள்ளும். முட்டிய ரிங் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு, பிஸ்டனின் மேல்விளிம்பையே பெயர்த்து எடுத்துவிடும். ஃபோர்ஜ்டு பிஸ்டனும் அப்படித்தான். சூட்டில் அதிகம் விரியும் என்பதால் அதற்குச் சுவரோடு கூடுதல் இடைவெளி வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஆடும் சத்தம் வரும். தெரியாதவர்கள் எஞ்சின் போய்விட்டது என்பார்கள். சூடேறியதும் அடங்கிவிடும். என்னைக் கேட்டால், இந்தக் கலையின் சாரம் முழுவதும் இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. குதிரைத்திறனைக் காசு கொடுத்து வாங்கலாம், பெரிய டர்போவாகப் பார்த்து வாங்கினால் போயிற்று. ஆயுளை வாங்க முடியாது. அது மைக்ரோமீட்டர் பிடிக்கும் கையிலிருந்துதான் வரும்.

எர்ணாவூரில் இந்த வேலைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடல் காற்று. புதிதாக ஹோன் செய்த வார்ப்பிரும்பு லைனரை எண்ணெய் தடவாமல் ஓர் இரவு வைத்தால் போதும், விடிந்தால் பழுப்பு படர்ந்திருக்கும். எண்ணெய் தடவி, பாலித்தீன் உறையில் சுற்றி வைப்பதை இங்கே யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, காற்றே சொல்லிக் கொடுத்துவிடும். இன்னொன்று தூசி. அனல்மின் நிலையச் சாம்பலும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் உள்ளே வந்தால், பேரிங்குக்கு அது உப்புத்தாள். ஆகவே பாகங்களைக் கோக்கும் நாளில் கொட்டகையின் கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். சென்னை மே மாதத்தில் இது சாதாரணப் பொறுமை இல்லை.

இனி டர்போ. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை. வீணாக வெளியே போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புவது. சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஃபார்முலா ஒன்னுக்கு அதை 1977-ல் கொண்டுவந்தது ரெனோ. முதலில் அடிக்கடி புகைந்து நின்றது, 1979-ல் முதல் வெற்றி கண்டது. நம் பக்கத்தில், 2018-ல் கோவை ஜெயம் நிறுவனமும் டாடாவும் சேர்ந்து வெளியிட்ட டியாகோ ஜே.டி.பி-யில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 114 குதிரைத்திறன் தந்தது.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்ணூரில் வெயில் 35 டிகிரி. டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போகிறது, மெக்கானிக்குகள் ஒரு பார் பூஸ்ட் என்பார்கள். டர்போவின் திறன் எழுபது சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும் காற்று சுமார் 130 டிகிரி. கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு. அந்தக் காற்றை அப்படியே சிலிண்டருக்குள் விட்டால், பிளக் பொறி விட்ட பிறகு, இன்னும் எரிய வேண்டிய கலவை ஒரு மூலையில் தானாக வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். சுத்தியலால் பிஸ்டனை மேலிருந்து அடிப்பதற்குச் சமம். பலமாக நடந்தால், பூஸ்ட் ஏறிய எஞ்சின் இதை வெகுநேரம் தாங்காது.

அதனால்தான் அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர். அதனால்தான் கம்ப்ரெஷன் விகிதத்தை எட்டரை அளவுக்கு இறக்குவது. அதனால்தான் பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது. அதனால்தான் கலவையைக் கெட்டியாக வைப்பது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று போதும். முழு பூஸ்ட்டில் பன்னிரண்டுக்குச் சற்றுக் கீழேயே வைப்பார்கள். மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்தியன் ஆயில் 2020 இறுதியில் கொண்டுவந்த 100 ஆக்டேன் பெட்ரோல் இந்த வேலைக்குப் பெரிய உதவி. எத்தனால் கலந்த பெட்ரோலும் உள்ளே குளிர்ச்சி தரும். ஆனால் அளவு கூடுதலாக ஊற்ற வேண்டும், பம்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். தவிர, எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் பாதி காலியான கேனை மூடாமல் வைக்கவே கூடாது.

இப்போது என் குறைகளைச் சொல்கிறேன். திறனை அளக்கும் டைனோ கருவி தந்த எண்ணைக் கைப்பேசியில் காட்டிப் பெருமைப்படும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு முறை, குளிர்ந்த காற்றில், சில நொடிகள் எட்டிய எண் அது. பத்துச் சுற்று முடிந்த பிறகு அதே எஞ்சின் அதே எண்ணைத் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரோக்கை மறந்துவிட்டு ஆர்.பி.எம் ஏற்றுபவர்களையும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. பழைய புல்லட் 350-ன் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். 6,000 சுற்றிலேயே அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்குப் 18 மீட்டர் ஓடுகிறது. 6,000-ஐ 8,000 ஆக்கினால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை, ஏறக்குறைய எண்பது சதவீதம் கூடுகிறது. வேகத்தின் வர்க்கம் அது. ராடு உடைந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வருவது துரதிர்ஷ்டத்தால் இல்லை.

இன்னொன்றைக் கோபத்தோடு சொல்கிறேன். இப்படிப்பட்ட எஞ்சினைச் சாலையில் ஓட்டுவது. பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரியில் கன்டெய்னர் லாரிகள் விளக்கில்லாமல் நிற்கும், குப்பத்துப் பெண்கள் கூடையோடு விடியலுக்கு முன்னே சாலையைக் கடப்பார்கள். அங்கே வேகம் காட்டுபவனுக்கு எஞ்சின் தெரிந்திருந்தாலும் நான் அவனைக் கலைஞனாக ஏற்க மாட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் சுற்றுப் பந்தயமும் உண்டு, நேர்கோட்டு டிராக் பந்தயமும் உண்டு. உரிமம் எடுத்துக்கொண்டு அங்கே போகட்டும்.

நல்ல எஞ்சினை நான் எப்படி மதிப்பேன் என்றால், பந்தயம் முடிந்து அதைத் திறக்கும்போதுதான். நான்கு பிளக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவு. பிஸ்டன் தலையின் ஓரத்தில் மணல் வீசியது போன்ற சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், ஓட்டியவர் காதில் விழாமலேயே நாக்கிங் நடந்திருக்கிறது. கனெக்டிங் ராடு பேரிங்கின் மேல் பாதி தேய்ந்து பளபளத்தால் அடி பலமாக விழுந்திருக்கிறது. கேஸ்கெட்டின் வளையத்தைத் தாண்டிக் கரி படிந்திருந்தால் ஹெட் தூக்கியிருக்கிறது. இவை எதுவும் இல்லாமல், இறக்கிய எஞ்சின் புது ரிங்கும் புது பேரிங்கும் மட்டும் கேட்டுத் திரும்ப ஏறுகிறது என்றால், கட்டியவர் கையை நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அந்தக் கைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். எந்தச் சிலிண்டரில் எவ்வளவு இடைவெளி, எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க், எந்த வெயிலில் எவ்வளவு டைமிங், எல்லாம் அதில் இருக்கும். எழுதி வைக்காத மேஸ்திரிகள் எத்தனையோ பேருடைய அறிவு அவர்களோடு போய்விட்டது. வடசென்னையின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு படிக்கும் பிள்ளைகளை இந்தப் பட்டறைகளுக்கு அனுப்பி, அந்த அளவுகளையும் காரணங்களையும் பதிவு செய்யச் சொல்லலாம். கூடவே ஒரு டைனோவும், தூசி புகாத ஓர் அளவுக்கூடமும் எர்ணாவூருக்கு எட்டிய தூரத்தில், கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி அமைந்தால், எஞ்சினைச் சோதிக்கச் சாலைக்கு வர வேண்டிய தேவையே இருக்காது. மாநில அரசும், இந்தப் பகுதியில் எஞ்சின் செய்தே வளர்ந்த நிறுவனங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று இந்த ஒலிபரப்பின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.