வட்டி ஓநாய்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குமாவோன் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1944-இல் நூல் எழுதிய ஜிம் கார்பெட் சொன்னார்: காயமோ முதுமையோ வலுவைக் கெடுத்த பின்புதான் பெரும்பாலும் புலி மனிதனைத் தேடி வருகிறது. பசி தீர்ந்தால் படுத்துவிடும். ஈசாப் கதையின் ஓநாயோ, ஓடையின் மேல்புறம் நின்றுகொண்டு, கீழே நின்ற ஆட்டுக்குட்டி தண்ணீரைக் கலக்கியதாகக் குற்றம் சாட்டித் தின்றது.

மனித ஓநாய்க்குப் பசியும் தீராது, சாக்கும் தீராது. 2001 பிப்ரவரி 28-இல் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன்: சீசன் டிக்கெட்டுக்குக் காசு போதாது, கந்துவட்டித் தவணை மட்டும் தனியே முடிச்சில் இருக்கிறது. வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து அவன் நகம். வாசலில் நின்று மானத்தை வாங்குவது அவன் பல்.

சிறுகடன் வசூலில் மிரட்டினால் 10 ஆண்டு வரை சிறை என்று கர்நாடகம் 2025-இல் சட்டம் செய்திருக்கிறது. சட்டம் தானாக நடந்து வராது. ஆபத்தைக் கண்ட புள்ளிமான் காலைத் தட்டினால் கூட்டமே விழிக்கும். அடுத்த வீட்டு வாசலில் அவன் கத்தும்போது கதவைச் சாத்தாதீர்கள். பத்துப் பேர் போய் நில்லுங்கள். போலீசில் எழுதிக்கொடுக்க நான் கூட வருகிறேன்.