'சொந்த விருப்பத்தின் பேரில்'



'வேலை, குடும்பம்: பெண்கள் சமன் செய்வது எப்படி?' இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. அழைத்த தோழர்மேல் கோபமில்லை. ஆனா இந்தத் தலைப்பை ஒரு ஆம்பளைப் பேச்சாளருக்கு என்றைக்காவது கொடுத்திருக்கோமா?

என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். வரப்போரத்து வேம்பில் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவார். நான் அழுதால், கரையேறிப் பால் கொடுக்க நிலக்காரனிடம் கேட்கணும். 'பெண் வீட்டை விட்டு வேலைக்கு வந்தாள்' என்று எழுதுகிறார்களே, அது எங்கள் கதை இல்லை. சேரிப் பெண் என்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தாள்? வயலிலிருந்து வங்கிக் கவுண்டருக்கு வந்திருக்கிறேன். அடுப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது.

காலை நாலரைக்கு எழுந்தால்தான் எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க முடியும். சாயங்காலம் கணக்கு நேராகாமல் எழுந்திருக்க முடியாது. கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் என் கையிலிருந்து கட்டணும். என் தூக்கத்தில் குறைகிற மணிநேரத்தை யார் கட்டுவது?

மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கிற பெண்ணுக்கு அதிலேயே நாளுக்கு 299 நிமிடம் போகிறது. ஆணுக்கு 97. அதுவும், அந்த வேலையில் கைவைக்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்றேன். பதவி உயர்வில் இட ஒதுக்கீடு கூடாதென்று 1992-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 1995-இல் அரசியல் சட்டத்தின் 77ஆவது திருத்தம் வந்துதான் அந்த உரிமை நமக்குத் தக்கியது. போன வருஷம் அது என் மேசைக்கே வந்தது. அதிகாரி பதவி, கூடவே வெளியூர் மாற்றல். பிள்ளைக்கு நாலு வயசு. வீட்டுக்காரரும் நம்ம தோழர்தான். 'உன் இஷ்டம்' என்றார். 'நீ போ, பிள்ளையை நான் பாத்துக்கறேன்' என்று சொல்லவில்லை. 'சொந்த விருப்பத்தின் பேரில் பதவி உயர்வு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டும் சாதியும் பறிக்கப் பார்த்த ஒன்றை, என் வீட்டு அடுப்படி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். 2017-இல் சட்டத்தைத் திருத்தி 26 வார விடுப்பு தந்தார்கள். 50 பேர் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். எங்கள் கிளையில் பதினோரு பேர். நடவு நடுகிற பெண்ணுக்கோ அந்த விடுப்பும் இல்லை. இதற்கெல்லாம் அரசோடு சண்டை போடத்தான் வேண்டும்.

ஆனால் நாம் கூட்டம் போடுவது மாலை ஆறு மணிக்கு. இங்கே உட்கார்ந்திருக்கிற ஆண் தோழர்களின் பிள்ளைகளை இப்போ யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? அந்தத் தோழியர் ஏன் இங்கே இல்லை? தராசின் இரண்டு தட்டையும் பெண் தலையில் ஏற்றிவிட்டு, 'சமன் செய்' என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். அடுத்த கூட்டத்திலிருந்து, வருகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆண் தோழர்கள் முறைவைத்துப் பொறுப்பெடுக்கணும். கைதட்ட வேண்டாம் தோழர்களே, பேர் கொடுங்கள். நோட்டு என்னிடம் இருக்கிறது.