தழும்பு சின்னது, ஆபரேஷன் பெரியது



ரோபோ ஆபரேஷன் என்றதும் மெஷினே எல்லாத்தையும் செஞ்சிடும்னு பலர் நினைக்கிறாங்க. ரோபோவின் கைகளை இயக்குவது மருத்துவர்தான். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022-ல் இதற்கான மையம் திறக்கப்பட்டது.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு இந்த முறையில் ஆபரேஷன் செய்தால் வயிற்றில் சில சின்னத் துளைகள்தான். ரத்த இழப்பும் குறைவு. சீக்கிரமே வீட்டுக்கு வந்துடலாம். ஆனா வெளியே தெரியும் தழும்பை வச்சு உள்ளே நடந்ததை எடை போடாதீங்க. சுரப்பியை முழுசா எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள்.

அந்தத் தையல் ஆறத்தான் ஒரு வாரம், பத்து நாள் டியூப் போட்டு அனுப்புறாங்க. பையில் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு கனத்து வலித்தால் டியூப் அடைத்திருக்கலாம். பக்கத்து கிளினிக்கில் கழற்றி மாட்டச் சொல்லாதீங்க, தையல் சேதமாகலாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு உடனே போன் பண்ணுங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான்.

அடுத்தது, கால். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தால், நம்ம வீடுகளில் முதல்ல எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவோம். தயவுசெய்து வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். வீட்டுக்கு வந்து சில வாரங்கள் வரை இந்த ஆபத்து உண்டு. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 108. உடல் பருமன் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள் கூடுதல் கவனமா இருக்கணும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் கிருமித்தொற்றும் எளிதில் வரும்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். டியூப் எடுத்த பிறகு இருமினாலே, தும்மினாலே சிறுநீர் கசியும். இதைக் கட்டிய மனைவியிடம்கூட மறைத்து, கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிடும் அப்பாக்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும். சிலருக்கு ஒரு வருஷமும் ஆகும். சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும். டியூப் எடுத்த பிறகு, மருத்துவர் சொன்னதும் தொடங்குங்க. விறைப்புத்தன்மை குறைவதும் சகஜம்தான். அது திரும்ப இரண்டு வருஷம்கூட ஆகலாம். சிலருக்கு முழுசா திரும்பாது. வயசு, முன்பிருந்த உடல்நிலை, நரம்புகளைக் காப்பாற்ற முடிந்ததா என்பதைப் பொறுத்தது அது. மருந்தும் இருக்கு, கேட்டாத்தானே தருவாங்க!

ரோபோ என்பதால் இந்த இரண்டும் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பழைய முறையையும் ரோபோ முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளியானது. இந்த இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மாதங்கள் கழித்து சிறுநீர் மெலிந்து வந்தால், தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். அதையும் காட்டுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் போட்டோ எடுத்து வைங்க. பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை தேதிக்கு அலாரம் வைங்க. சந்தேகம் என்றால் 104-க்குப் பேசலாம்.