பிறந்த மேகத்தைக் கலக்கும் இளம் விண்மீன்கள்



தைப்பூசக் காலத்தில், இரவு ஒன்பது மணி வாக்கில் உச்சிவானுக்கு அருகே செந்நிறமாய் ஒளிரும் ரோகிணி விண்மீனைக் காணலாம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற பட்டணங்களின் விளக்கொளியிலும் அது தப்பாமல் தெரியும். அதன் பக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாத இருண்ட மேகம் ஒன்று உண்டு. பெவர்லி லிண்ட்ஸ் அம்மையார் 1962இல் வெளியிட்ட பட்டியலின்படி அதன் பெயர் எல் 1551. பக்கத்தில் என்றது நம் பார்வைக்குத்தான். ரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மேகமோ 450 ஒளியாண்டுகளுக்கும் அப்பால்.

இது மழைமேகமன்று. பெரும்பகுதி ஹைட்ரஜன், சிறிது தூசி. குளிரோ சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 260 பாகை. இத்தகைய மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி விண்மீன்களாகிறது. அப்படியானால் மேகம் முழுவதும் ஒரேயடியாகச் சுருங்கிவிட வேண்டுமல்லவா? சுருங்குவதில்லை. அதில் சிறு பங்கே விண்மீனாகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், வாயுவின் கொந்தளிப்பும் ஈர்ப்பை எதிர்த்து நிற்கும் என்று 1951இல் கணித்துக் காட்டினார். (1983இல் அவர் நோபெல் பரிசு பெற்றது வேறு ஆய்வுகளுக்காக.) ஆனால் கொந்தளிப்பு தானாக நீடிப்பதில்லை. கடைக்காரர் தே தாரிக் இழுத்து ஊற்றும்போது குவளைக்குள் தேநீர் சுழன்று நுரைக்கிறது. ஊற்றுவதை நிறுத்தினால் சுழற்சி அடங்கிவிடுகிறது. மேகமும் அப்படித்தான். காந்தப்புலம் துணைநின்றாலும் கொந்தளிப்பு விரைவில் தணியும் என்று 1998இல் கணினிக் கணக்கீடுகள் தெரிவித்தன. அப்படியானால் மேகத்தில் ஓயாமல் ஊற்றுபவர் யார்?

1980இல் ஸ்னெல், லோரன், பிளாம்பெக் ஆகிய மூவர், எல் 1551இலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு வெளிவிடும் வானொலி அலைகளை ஆராய்ந்தனர். நடுவே ஓர் இளம் விண்மீன். அதன் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வருகிறது. மறுபக்கத்து வாயு விலகிச் செல்கிறது. வேகம் நொடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்.

காரணம் இதுதான். பிறக்கும் விண்மீனைச் சுற்றி வாயு தட்டாகச் சுழன்று உள்ளே விழுகிறது. விழுவதில் ஒரு பங்கைக் காந்தப்புலம் பிடித்து, இரு துருவங்களின் வழியாகவும் வெளியே வீசுகிறது. உண்பதில் ஒரு பங்கைக் குழந்தை உமிழ்கிறது எனலாம்! நொடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் பாயும் அந்தத் தாரை, ஓர் ஒளியாண்டுக்கு மேலும் சென்று மேகத்தைக் கிளறுகிறது. இளம் விண்மீன்களின் காற்றே மேகத்தைக் கலக்கி, அடுத்த பிறப்புகளைத் தாமதப்படுத்துகிறது என்று நார்மன், சில்க் ஆகிய இருவர் அதே 1980இல் எழுதினர்.

எல்லா மேகத்திற்கும் இது பொருந்தாது. ஓரியனில் உள்ளதுபோன்ற பெருமேகங்களை முழுவதும் கலக்கத் தாரைகள் போதா. வெடித்து மடியும் விண்மீன்களின் வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெர்சியஸ் மண்டலத்து என்.ஜி.சி. 1333 கூட்டத்திலோ பல தாரைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பாய்கின்றன. அங்குள்ள கொந்தளிப்பைத் தணியாமல் காக்க அவையே போதும் என்று அளவீடுகள் காட்டுகின்றன.